எஸ்.ஜே. 413: போட்டிக்கு எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: மட்டக்களப்பு வாசகர், 2025 பெப்ரவரி 9

1987ஆம் ஆண்டு சுசுகி எஸ்.ஜே. 413 ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்த வருடம் சேற்றுப் பாதைப் போட்டிகளில் ஓட விருப்பம். 1.3 லீற்றர் எஞ்சினை வைத்துக்கொண்டு ஒன்றும் கிழிக்க முடியாது, 1.6 லீற்றர் எஞ்சின் போட்ட பிறகு வா என்று கழகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

2025 பெப்ரவரி 10

உண்மை இல்லை. என்னிடமும் அதே ஜீப்தான் இருக்கிறது. திருகோணமலை உப்புவெளியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் மூன்று வருடமாகக் கிடந்ததைக் கடந்த புரட்டாதியில் வெளியே இழுத்தோம். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு தொடங்கும் நான்கு சுற்றுப் போட்டித் தொடருக்காக இப்போது அதைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் போட்டியில் முதல் மூன்று சுற்றுக்களும் வேகப் பந்தயம் அல்ல. முளைகளுக்கு நடுவே பள்ளம், பாறை, சேறு, தண்ணீர் என்று அமைத்திருக்கும் பாதையை, முளையைத் தொடாமலும் பின்னோக்கி எடுக்காமலும் கடக்க வேண்டும். நேரக் கணக்கு, புள்ளி சமமானவர்களைப் பிரிப்பதற்குத்தான். நான்காவது சுற்றில் மட்டும் இரண்டு இரண்டு வண்டிகளாக ஓடவிடுவார்கள்.

இத்தகைய ஓட்டத்தில் எஞ்சினுக்கு முன் பார்க்க வேண்டியது கியர் கணக்கு. 413இன் முதலாம் கியர் 3.652, ரான்ஸ்பர் கேஸின் (எஞ்சின் பலத்தை முன், பின் அக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின்) தாழ்ந்த நிலை 2.268, அக்சில் 3.727. மூன்றையும் பெருக்கினால் 30.9 வருகிறது. அதாவது எஞ்சின் ஏறத்தாழ 31 தரம் சுற்றினால் சில்லு ஒரு தரம் சுற்றும். வண்டியோடு வரும் 205/70 ஆர் 15 ரயரின் உயரம் 26 அங்குலத்தை விடச் சற்றுக் கூட. அதைக் கழற்றிவிட்டு, பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று 31 அங்குல ரயரைப் பூட்டுகிறோம். அந்த நிமிடமே 30.9 என்ற கணக்கு, இழுவையில் 26க்குச் சமமாகச் சுருங்கிவிடுகிறது. பிறகு, இழுவை போதாது என்று எஞ்சினைத் திட்டுகிறோம்.

இதே ஜீப்பின் சிறிய எஞ்சின் வகையான எஸ்.ஜே. 410இன் அக்சில் கியர் 4.11. அதை மாற்றினால் 31 அங்குல ரயரோடும் ஏறத்தாழ 29 கிடைக்கும். வெளிநாட்டில் ரான்ஸ்பர் கேஸுக்கென்றே 4.16 குறைப்புச் சோடி விற்கிறார்கள். அதைப் போட்டால் அதே ரயரோடு 48. வாங்குமுன், அக்சிலுக்குள் இருந்து சில்லைச் சுழற்றும் அரைத்தண்டின் பற்களை எண்ணிப் பாருங்கள். எல்லா ஆண்டு வண்டிகளிலும் எண்ணிக்கை ஒன்றல்ல. நான் 4.11 போட்டிருக்கிறேன். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கி, கொழும்பிலிருந்து இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பரிசோதகர் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதற்கு அரை ரிக்கெற் எடுத்தீர்களா என்று கேட்டார்.

2025 பெப்ரவரி 11

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். பெரிய ரயர் பூட்டினால் வேகமானி குறைத்துக் காட்டும். அது 60 என்று காட்டும்போது உண்மையில் 70ஐத் தாண்டியிருப்பீர்கள். கந்தளாய் வீதியில் பொலிசார் இந்தக் கணக்கைக் கேட்கமாட்டார்கள்.

2025 பெப்ரவரி 23

எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நீங்கள் சேஸியைத் தட்டிப் பார்த்தீர்களா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. மட்டக்களப்பும் கடலோரம்தான்.

எங்கள் ஊர் வண்டியில் கறள் வெளியிலிருந்து பிடிப்பதில்லை. சேஸிப் பெட்டிக்குள் போன மணல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உப்பு அதை ஒருபோதும் காயவிடாது. உள்ளிருந்தே அரித்து வரும். வெளியே பெயின்ற் மினுங்கிக்கொண்டிருக்கும். என் வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் தாங்கிக்கு மேலே சுத்தியலால் மெல்லத் தட்டியபோது, மற்ற இடங்களில் 'ணங்' என்று வந்த சத்தம் அங்கே 'தொப்' என்று வந்தது. சுரண்டினேன். பெயின்ற்றுக்குக் கீழே தார். தாருக்குக் கீழே, யாரோ பிஸ்கற் தகரத்தை வெட்டி மடித்து ஒட்டியிருந்த துண்டு. தகரத்தின் உட்புறத்தில் கோதுமைக் கதிரின் படம்கூட அழியாமல் இருந்தது. அதை இழுத்ததும் இரண்டு கைப்பிடி மணல் கொட்டியது.

ஒரு முழ நீளத்துக்கு வெட்டி எடுத்து மூன்று மில்லிமீற்றர் தகட்டில் புதுப் பெட்டி கட்டி ஒட்டினோம். ஒட்டுவேலை செய்த நானா கிண்ணியாக்காரர். இந்த இழையில் அவர் இனி அடிக்கடி வருவார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை எஞ்சின்களைப் பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவைப் படகில்) ஏற்றிக்கொண்டு வந்து நகரத்தில் வேலை செய்தவர். தாங்கியை ஒட்டுவதற்கு முன் மூலைக்கு மூலை குறுக்கு அளவு எடுத்து, இரண்டு அளவும் சமமாகும் வரை ஜாக்கியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். அதற்கே அரை நாள் போனது. ஒட்டியது முக்கால் மணித்தியாலம்.

2025 மார்ச் 15

முன்சில்லு நடுக்கம் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் சிறு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்ரியறிங் இரு கைகளையும் பிடித்து உதறும். வண்டியை நிறுத்தும் வரை நிற்காது. இதற்கு எல்லோரும் முதலில் சில்லுச் சமநிலை பார்ப்பார்கள், பிறகு உதறலை அடக்கும் ஸ்ரியறிங் டாம்பர் வாங்கிப் பூட்டுவார்கள். டாம்பர் நோயை மறைக்குமே தவிர மாற்றாது. சில்லைத் திருப்பும் முழங்கால் மூட்டின் மேலும் கீழுமுள்ள கிங்பின் பெயாரிங்குகளின் இறுக்கம் போயிருக்கும். மூடிகளுக்கு அடியில் உள்ள மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து அந்த இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். தகட்டைக் கழற்றினால் இறுகும், சேர்த்தால் தளரும்.

இறுக்கத்தை எப்படி அளப்பது? ஒயில் சீலையும் ஸ்ரியறிங் தண்டையும் கழற்றிவிட்டு, தண்டு பொருந்தும் துளையில் வில்தராசைக் கொளுவி இழுக்க வேண்டும். முழங்கால் அசையத் தொடங்கும் கணத்தில் தராசு ஒரு கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் இடையில் காட்ட வேண்டும். எங்களிடம் இருந்தது மீன் நிறுக்கும் தராசு. மருமகன் மீன் சந்தையில் கேட்டு வாங்கி வந்தான். கொளுக்கியில் செதில் ஒட்டியிருந்தது. வலப்பக்கம் இழுத்தபோது முந்நூறு கிராம். இடப்பக்கம் முள் அசையவே இல்லை. அதாவது இத்தனை வருடமும் அந்தச் சில்லு வெறுமனே தொங்கிக்கொண்டுதான் ஓடியிருக்கிறது.

பழைய பெயாரிங்கின் பாதையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உருளைகள் ஒரே இடத்தில் நின்று குத்திக் குத்தி, விரல் நகம் மாட்டும் அளவுக்குக் குழிகள் விழுந்திருந்தன. கிறீஸுக்குள் கருமணல். இந்த ஜீப்பின் முன்னைய சொந்தக்காரர் புல்மோட்டைப் பக்கம் ஓடியவர். இல்மனைற் எடுக்கும் அந்தக் கரையின் மணல் கனமானது, நுண்ணியது. கிழிந்த சீலுக்குள் ஒருமுறை போனால் திரும்பி வராது. புதுப் பெயாரிங், புதுச் சீல், புதுக் கிறீஸ். இரு பக்கமும் ஒன்றரைக் கிலோவுக்கு வைத்தோம். தராசைக் கழுவித் திருப்பிக் கொடுத்தோம்; கழுவியும் மூன்று நாளைக்கு மீனில் கிறீஸ் மணந்தது என்று தராசைத் தந்த மீன்காரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

2025 ஏப்ரல் 6

"அக்சிலுக்கு மேல் ஸ்பிரிங்கை மாற்றி வைத்து வண்டியை உயர்த்தவில்லையா?" என்று கேட்டவருக்கு: இல்லை. பிளேட் ஸ்பிரிங்கை அக்சிலுக்கு அடியிலிருந்து மேலே கொண்டுவந்தால் ஏறக்குறைய ஐந்து அங்குலம் உயரும் என்பதும், பாறையில் அது பெரிய ஆதாயம் என்பதும் சரிதான். ஆனால் இந்த வண்டியின் இரு சில்லுகளுக்கு இடைப்பட்ட அகலம் 1.3 மீற்றர் அளவுதான். அச்சுகளுக்கு இடையில் 2,030 மில்லிமீற்றர். குட்டையும் ஒடுக்கமுமான இந்த வண்டியின் பாரத்தை இன்னும் ஐந்து அங்குலம் மேலே தூக்கி வைத்தால் பக்கச் சரிவில் என்ன நடக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். 1988இல் அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பொன்று இதே ஜீப், அங்கே சமுராய் என்று விற்கப்பட்டது, திடீரெனத் திருப்பும்போது கவிழக்கூடியது என்று அறிவித்தது. நிறுவனம் வழக்குப் போட்டது. 2004இல் சமரசத்தில் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்தை இங்கே தொடங்காதீர்கள். கன்னியாவுக்கு அப்பால் நண்பரின் காணியில் உள்ள சரிவில் என் மேற்பக்கப் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பியபோது வயிற்றுக்குள் உணர்ந்ததே எனக்குப் போதும். இரண்டு அங்குலம் உயர்த்தினேன், நீளமான ஷக்கிள் (ஸ்பிரிங்கைச் சேஸியோடு பிணைக்கும் துண்டு) போடவில்லை, கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ஆறு முனை உருட்டுக் கூடு கட்டினேன். அவ்வளவுதான்.

2025 ஏப்ரல் 28

முதல் சுற்று முடிந்தது. கந்தளாய்ப் பக்கம், வற்றிய குளத்தின் ஓரம். பதினாறு வண்டிகளில் ஒன்பதாவது.

கியர் கணக்கு சொன்னபடியே வேலை செய்தது. சேற்றில் இரண்டாம் கியரில் எறும்பு போல ஏறிப் போனேன். பெரிய எஞ்சின்காரர் இருவர் சில்லைச் சுழற்றிச் சுழற்றிக் கிணறு தோண்டிவிட்டு அதற்குள்ளேயே நின்றார்கள். பிறகு ஏன் ஒன்பதாவது? வாய்க்காலைக் கடந்து அரை மணி நேரத்தில் பின் டிபரன்ஷல் (அக்சிலின் நடுவில் இரு சில்லுகளுக்கும் பலத்தைப் பிரிக்கும் கியர்த் தொகுதி) அழத் தொடங்கிவிட்டது. கடைசி இரண்டு தடைகளை ஓட்டாமல் விட்டேன். வீட்டுக்கு வந்து வடிகால் ஆணியைத் திறந்தால், ஒயில் வரவில்லை. பால் தேநீர் வருகிறது. நிறம் அப்படியே. நுரைகூட இருந்தது.

காரணம் எளிது. ஓடிச் சூடான அக்சிலுக்குள் இருக்கும் காற்று விரிந்திருக்கும். அதை அப்படியே குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினால் காற்றுச் சட்டென்று சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். காற்று போய்வரும் சிறு மூச்சுக்குழாய் அக்சிலின் மேலேயே இருப்பதால் அதுவும் தண்ணீருக்குள். அடைத்திருந்தால் இன்னும் மோசம், சீல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சிவிடும். நாலு முழ ரப்பர் குழாயை அந்த மூச்சுத்துளையில் மாட்டி, எஞ்சின் அறைக்குள் மேலே கொண்டுபோய்க் கட்டியிருந்தால் முடிந்திருக்கும். குழாய் அன்று மேசையில்தான் இருந்தது. "பிறகு மாட்டலாம்" என்று நான்தான் சொன்னேன். மருமகன் இதை ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் நினைவூட்டுகிறான்.

இப்போது முன் அக்சில், பின் அக்சில், கியர் பெட்டி, ரான்ஸ்பர் கேஸ் நான்குக்கும் குழாய் போட்டாயிற்று.

2025 மே 2

சிறு திருத்தம். தண்ணீருக்குள் இறங்கு முன் காற்றாடிப் பட்டியைத் தளர்த்துங்கள் அல்லது ரேடியேற்றர் முன்னால் படங்குத் துணியைக் கட்டுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அதைத் தேவையற்றது என்று பதில் சொல்லியிருந்தேன். அவர் சொன்னதே சரி. எஞ்சின் சுழலும்போது காற்றாடி தண்ணீரைப் பிடித்தால் அதன் இலைகள் முன்னோக்கி வளைந்து ரேடியேற்றரை வெட்டும். நேற்று வெளிச்சத்தில் பார்த்தேன். என்னுடையதிலும் அரைவட்டமாக ஒரு கீறல் இருக்கிறது. ஒழுகவில்லை. தெய்வாதீனம்.

2025 மே 30

கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது. இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே கச்சான் என்றால் கொறிக்கும் நிலக்கடலையும்தான், மேற்கிலிருந்து வந்து கிழக்குக் கரையைக் காயப்போடும் சூடான காற்றும்தான். நான் சொல்வது காற்றை. இந்தக் காலத்தில் ரேடியேற்றரின் தகடுகளுக்கு இடையில் காய்ந்த சேறு இருந்தால் பத்து நிமிடத்தில் சூடு ஏறிவிடும். முன்னாலிருந்து அழுத்தத் தண்ணீர் அடிக்காதீர்கள், சேறு இன்னும் ஆழமாகப் போகும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுமாறு மெதுவாக அடியுங்கள்.

2025 ஜூன் 16

பெப்ரவரி 10இல் எழுதியதைத் திருத்த வந்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டாம் சுற்று மலைநாட்டில், செங்குத்தான மண்சரிவுகளில். முதல் நான்கு தடைகளில் ஒரு முளைகூடத் தொடவில்லை. ஐந்தாவது தடையில் வலப்பக்கம் சரிந்தபடி ஏற வேண்டும். பாதி ஏறியதும் எஞ்சின் இருமியது, இன்னொரு தரம் இருமியது, நின்றது. மீண்டும் முடுக்கினால் பெற்றோல் மணம், எடுக்கவில்லை. பிரேக்கில் காலை அழுத்திக்கொண்டு அந்தச் சரிவில் நாலு நிமிடம் தொங்கிக்கொண்டிருந்தேன். பின்நோக்கி உருண்டு சமதரைக்கு வந்ததும் ஒரே சுழற்சியில் எஞ்சின் எடுத்தது, ஒன்றும் நடக்காதது போல. ஏழாவது தடையிலும் இதே கதை.

குற்றவாளி, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேற்றர். அதன் சிறு கிண்ணத்தில் மிதவை மட்டம் பார்த்துப் பெற்றோலை அடைக்கும். வண்டி நேராக நிற்கும் என்ற நம்பிக்கையில் செய்த ஏற்பாடு அது. கடுமையாகச் சரிந்தால் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கும். பெற்றோல் வெளியேறும் ஜெற் முனை வெறுமையாகி எஞ்சின் பட்டினி கிடக்கும், அல்லது காற்றுக் குழாய் வழியாக வழிந்து மூழ்கடிக்கும். எனக்கு இரண்டும் நடந்தன என்றே நினைக்கிறேன்.

ஆகவே எஞ்சின் மாற்றத் தேவையில்லை என்று அடித்துச் சொன்னது பாதிதான் சரி. 1,324 சிசி ஜி13ஏ எஞ்சினின் பலம் போதாமல் நான் எங்கும் நிற்கவில்லை. அதை இன்றும் சொல்வேன். ஆனால் 1,590 சிசி ஜி16பி எஞ்சினோடு வருவது பலம் மட்டுமல்ல, பெற்றோலை ஊசிவழி பீய்ச்சும் ஏற்பாடும் கூட. கடுமையாகச் சரிந்து நின்றாலும் அதற்குப் பெற்றோல் கிடைக்கும். கழக நண்பர்கள் தவறான காரணத்துக்காகச் சரியான பொருளைச் சொல்லியிருக்கிறார்கள்.

நானாவிடம் எஞ்சினைக் குறை சொல்லிப் புலம்பினேன். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எஞ்சின் ஓடுது தம்பி, நீங்கதான் ஓடல்ல" என்றார். சரிவில் ஏறுமுன் கியரை மாற்றிக்கொண்டிருந்ததில் உருண்டோட்டத்தை இழந்தேன் என்பது அவருடைய கட்சி. காணொளியைத் திரும்பப் பார்த்தேன். ஐந்தாவது தடையில் அவர் சொன்னது பிழை. ஏழாவதில் சரி.

2025 ஜூன் 19

"அப்படியானால் 1.6 போட்டுவிட வேண்டியதுதானே" என்று கேட்கிறீர்கள். கியர் பெட்டியோடு அது பொருந்தும். எஞ்சின் தாங்கிகள் புதிதாகச் செய்ய வேண்டும், உயரழுத்த மின்பம்பு வேண்டும், பெற்றோல் தாங்கிக்குத் திரும்பும் குழாய் வேண்டும், கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதன் வயர்க்கட்டும் அறுபடாமல் முழுதாக வேண்டும். பஞ்சிகாவத்தையில் எஞ்சின் கிடைக்கும், வயரைக் கத்தரித்துத்தான் தருவார்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்ற வேண்டும். நான் வீதியில் ஓட்டிக்கொண்டே போட்டிக்குப் போகிறவன், ட்ரெயிலர் இல்லை. விலையும் முன்போல் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய ஜீப்பின் ஆணிக்கும் விலை ஏறிவிட்டது. இந்தப் பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியும் பழைய சாமான்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இப்போதைக்கு மிதவை மட்டத்தைச் சற்றுக் குறைத்து, கிண்ணத்தின் காற்றுக் குழாயை மேலே நீட்டியிருக்கிறேன். நண்பரின் காணியில் உள்ள சரிவில் இருமல் மட்டும் இருக்கிறது, நிற்கவில்லை.

2025 ஜூலை 13

பார்வையாளர் எங்கே நிற்கலாம் என்று எங்கள் கழகத்தில் சண்டை. நாடாவை இருபது மீற்றர் பின்னால் கட்டினால் சனம் வராது என்கிறார்கள் சிலர். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் போனதில் ஏழு பேர் இறந்தார்கள். எட்டு வயதுச் சிறுமியும் அதில் ஒருத்தி. எங்கள் வண்டிகள் நடை வேகத்தில் ஓடுபவை என்பது பதில் அல்ல. சரிவில் பிரேக் விட்ட ஒரு ஜீப்புக்கு முன்னால் நடை வேகம் என்று ஒன்று இல்லை. வின்ச் (புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் சுருள் இயந்திரம்) கம்பி அறுந்தால் அது போகும் வேகத்தை நான் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். கம்பியின் மேல் ஈரச் சாக்கோ தடித்த துணியோ போடாமல் என் வண்டியில் யாரும் வின்ச்சைத் தொடக்கூடாது. கம்பியைத் தாண்டவும் கூடாது. நாடா இருபது மீற்றரில்தான் கட்டப்படும் என்று நேற்றுத் தீர்மானம். இரண்டு பேர் விலகிவிட்டார்கள்.

2025 ஆகஸ்ட் 4

பின் டிபரன்ஷலின் உட்பற்களை ஒட்டிப் பூட்டிவிட்டேன். ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்கும். செலவு வெல்டிங் கூலி மட்டும். தார் வீதியில் திரும்பும்போது ரயர் நிலத்தில் உரசிக் கீச்சிடுகிறது. அநுராதபுரச் சந்தியில் திருப்பினால் எல்லோரும் பார்க்கிறார்கள்.

மணலில் பரீட்சிக்க நிலாவெளிக்கு அப்பால் போனேன். ரயர் காற்றை 30 பி.எஸ்.ஐ.இலிருந்து 14க்கு இறக்கியிருந்தேன். ரயர் அகன்று மணலின் மேல் மிதந்தது. பத்துக்குக் கீழே இறக்கினால் திரும்பும்போது ரயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். கர்வத்தில் தண்ணீரோரம் வரை போய் அக்சில் வரை புதைந்தேன். கரைவலை இழுக்கும் உழவு இயந்திரக்காரர்தான் காப்பாற்றினார். பின்சில்லுகளை மணலுக்குள் தானாகவே புதைய விட்டு நங்கூரமாக்கிக்கொண்டு, பின்னாலுள்ள உருளையில் கயிற்றைச் சுற்றி, என்னை வலையைப் போல இழுத்தெடுத்தார். "மீன் குறைவு" என்று மட்டும் சொன்னார். கடற்கரையில் வண்டி ஓட்டுவது சரியல்ல என்பதை அதற்குப் பிறகு நான் யாருக்கும் வாதாடி விளக்குவதில்லை. கரைவலைக் கயிறு மணலுக்குள் கிடப்பது தெரியாது, அது ஒருவருடைய பிழைப்பு. அன்று இரவே அடிப்பகுதி முழுவதும் நல்ல தண்ணீரால் கழுவினேன், பின் பிரேக் ட்ரம்மைக் கழற்றி மணலைக் கொட்டினேன்.

2025 ஆகஸ்ட் 25

மூன்றாம் சுற்று: பழைய கல்லுடைப்பு நிலம். நான்காவது தடையில் இடது பின் அரைத்தண்டு முறிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. அடுப்பில் சுள்ளி முறிவது போலத்தான். முறிந்த முகத்தைப் பார்த்தால் ஓரத்தில் பழுப்பு வளையம், நடுவில் புதிய வெள்ளி நிறம். அதாவது வெடிப்பு முன்பே தொடங்கிவிட்டது, அன்று முடிந்தது. டிபரன்ஷலைப் பூட்டிய பிறகு தார் வீதியில் ஓட்டிய ஒவ்வொரு திருப்பமும் அந்தத் தண்டை முறுக்கியிருக்கிறது. தண்டுக்குப் பயந்து பூட்டை எடுக்கவா, பூட்டை வைத்துக்கொண்டு வீதியில் ஓட்டாமல் விடவா என்று இன்னும் தெரியவில்லை.

முன்சில்லுகளின் இழுவையில் வெளியே வந்து, மருமகன் மேலதிகத் தண்டை ஐம்பது நிமிடத்தில் மாற்றினான். "மாமா, இந்த முறை சாமான் மேசையில் இல்லை, வண்டியில் இருந்தது" என்றான். பதினான்கில் ஆறாவது.

2025 செப்ரெம்பர் 29

நான்காம் சுற்று. நேர ஓட்டம். மட்டக்களப்பு நண்பரே, நீங்கள் 1.6 போட்டு வந்திருந்தீர்கள்; இங்கே வாசிப்பவர்களுக்காக நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். என்னோடு சோடியாக ஓடியது நீங்கள்தான். முதல் வளைவு வரை என் சத்தம் உங்கள் தூசிக்குள் இருந்தது. பிறகு தூசி மட்டும்தான் இருந்தது. சேற்றுக் குழியில் உங்களைப் பிடித்தேன், ஏற்றத்தில் திரும்ப விட்டேன். பதினொரு விநாடி. மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் மொத்தக் கணக்கில் நான் ஐந்தாவது, நீங்கள் எட்டாவது. முதல் சுற்றில் நீங்கள் வரவே இல்லை, வயர்க்கட்டுப் பிரச்சினையில் வண்டி கராச்சில் நின்றது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது நியாயமான ஒப்பீடு அல்ல என்று நீங்கள் எழுதப் போவதும் தெரியும். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

2025 ஒக்ரோபர் 12

மழைக்கு முன் கழற்றிப் பார்க்கும் வேலை. டிபரன்ஷல் ஒயில் தேன் நிறத்தில், தண்ணீர் இல்லை. ஒட்டிய சேஸிப் பெட்டியில் வெடிப்பு இல்லை. ரேடியேற்றரின் அந்த அரைவட்டக் கீறல் கசியத் தொடங்கியிருக்கிறது. 1.3 ஊசிவழி எஞ்சினின் பெற்றோல் ஏற்பாட்டை மட்டும் என் எஞ்சினின் மேல் ஏற்றுவது பற்றி நானா பேசுகிறார்; எஞ்சின் இலக்கம் மாறாது, சரிவில் இருமலும் இராது. அடுத்த மாதம் அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

இன்று காலை மருமகன் மீண்டும் மீன் தராசை வாங்கி வந்தான். வலப்பக்கக் கிங்பின் ஒரு கிலோ நானூறு. இடப்பக்கம் எழுநூறு கிராம். மூடியைத் திறந்து ஒரு தகட்டைக் கழற்றினோம். ஒரு கிலோ நூறு. இன்னொன்றைக் கழற்றவா என்று அவன் கேட்டபோது மழை தூறத் தொடங்கியது; படங்கை இழுத்து மூடிவிட்டோம்.